மடக்குக் கத்தியும் கரிசக்காடும்

கோவில்பட்டி என்றால் உடனே ஞாபகத்துக்கு வருவது எது? கடலை மிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது), தீப்பெட்டி, ஹாக்கி. இந்த லிஸ்டில் கத்திக்கு இடமே இல்லை. ஆனால் ஊரைத் தாண்டி எட்டயபுரம் பக்கமோ விளாத்திகுளம் பக்கமோ போய், காட்டில் நிற்கிற ஒரு சம்சாரியிடம் "அண்ணாச்சி, பையில என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டுப் பாருங்கள். வெற்றிலைப் பொட்டலமோ பீடிக்கட்டோ வரும், செல்போன் வரும், கூடவே ஒரு மடக்குக் கத்தியும் வர நிறைய வாய்ப்பு உண்டு!

அந்தக் குட்டிக் கத்தி செய்கிற வேலையைப் பட்டியல் போட்டால் மலைப்பாக இருக்கும். உர மூட்டையின் தையல் சணலை அறுக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்ட, வெள்ளரிப் பிஞ்சு நறுக்க, காலில் தைத்த கருவேல முள்ளைக் கீறி எடுக்க... எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்டின் கழுத்தில் கயிறு சுற்றி இறுகிவிட்டால் சட்டென்று அறுத்துவிட. கடைசியாகச் சொன்ன வேலைக்கு வீட்டுக்கு ஓடிப்போய் அரிவாள்மனை எடுத்து வர நேரம் இருக்காது. அந்த நிமிஷம் கத்தி பையில் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, வெட்டவும் வேண்டும்.

சரி, மேட்டருக்கு வரலாம். ஒரு நல்ல மடக்குக் கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதைவிட முக்கியமாக, அதன் அலகு என்ன ஸ்டீலில் இருக்க வேண்டும்?

ஒரு கணக்கு

காமர்ஸ் புத்தகத்தில் "ராமுவும் சோமுவும் கூட்டாளிகள்" என்று கணக்கு ஆரம்பிக்கும் இல்லையா, அதே மாதிரி இங்கேயும் ஆரம்பிக்கலாம். ஒரு சம்சாரி. வயசு அறுபதைத் தொடுகிறது. கொஞ்சம் மானாவாரிக் கரிசல், பத்துப் பதினைந்து ஆடு. அவருக்கு ஒரு மகன், திருப்பூரில் வேலை. அப்பாவின் பழைய கத்தி ஆட்டம் கண்டுவிட்டது, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது புதுசாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. இன்டர்நெட்டில் தேட உட்காருகிறான். அவ்வளவுதான், தலை சுற்ற ஆரம்பித்துவிடுகிறது!

டி2, 8சிஆர்13எம்ஓவி, 14சி28என், விஜி-10, எஸ்30வி... கத்தி வாங்கப் போனவனுக்கு லாரி நம்பர் பிளேட் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஒருவர் டி2-தான் ராஜா என்கிறார், இன்னொருவர் அது துருப்பிடிக்கும் என்கிறார். கடைசியில் அப்பாவுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் விளக்குகிறான். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"ஏய்யா, நீ சொல்றதெல்லாம் சரி. மழுங்கிப் போச்சுன்னா இத யாரு தீட்டுறது?"

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஸ்டீல் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

இரும்பும் கரியும்

சுத்தமான இரும்பு மென்மையானது. அதில் கொஞ்சம் கார்பன், அதாவது கரி, சேர்ந்தால் ஸ்டீல். கத்தி அலகுக்கு ஏறக்குறைய 0.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதம் வரை கார்பன் இருந்தால் நல்லது. அப்படிப்பட்ட இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கெட்டியாகிவிடும். கொல்லுப்பட்டறையில் இதற்குத் 'தோய்ச்சல்' என்று பெயர். தோய்ச்சல் போட்ட அலகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் திரும்பவும் லேசாகச் சூடாக்கி முறுக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். இந்த ரெண்டாவது சூடுதான் கத்தியின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. ஒரே ஸ்டீலை நல்ல ஆசாரி கையில் கொடுத்தால் ஒரு கத்தி, அரைகுறை ஆள் கையில் கொடுத்தால் வேறு கத்தி.

இந்த வித்தை இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. கோவில்பட்டி இருக்கிற அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் இருக்கின்றன. சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இங்கே இரும்பின் காலம் 5300 வருஷங்களுக்கு முன்னால் போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில் சொன்னது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்று அழைத்த தென்னிந்திய உருக்கை 1819-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்தார். ஆமாம், ஸ்கூல் பிசிக்ஸ் புத்தகத்தில் வருகிற அதே ஃபாரடேதான்! 'உருக்கு', 'உக்கு' என்ற சொல்தான் மருவி வூட்ஸ் ஆனது என்று சொல்வார்கள்.

இன்றைக்குப் பட்டறைகளில் அரிவாள் அடிக்க அதிகம் பயன்படுவது பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும், கூடவே சிலிக்கான், மாங்கனீஸ் அல்லது குரோமியம். எத்தனை மேடு பள்ளத்தில் வளைந்தாலும் உடையாமல் நிமிரவே அந்த ஸ்டீல் செய்யப்பட்டது. அதனால்தான் ஓங்கி வெட்டுகிற அரிவாளுக்கு அது அவ்வளவு பொருத்தம். மடக்குக் கத்தி ஓங்கி வெட்டாது, அறுக்கும். அதற்கு வேறு குணம் தேவை.

துரு என்கிற எதிரி

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் உள்ள ஸ்டீலை உருக்கினார். துருப்பிடிக்கவில்லை. இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற எவர்சில்வர் பாத்திரத்தின் கதை அந்தக் காலகட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அதன் கார்பன் அளவைக் கவனியுங்கள், 0.24 மட்டும். துரு பிடிக்காது, கூர்மையும் ரொம்ப நாள் நிற்காது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாகக் கத்தி ஸ்டீல் செய்கிறவர்கள் எல்லாரும் போராடுவது இந்த ஒரே இழுபறியோடுதான்: துருவும் பிடிக்கக் கூடாது, கூரும் நிற்க வேண்டும், உடையவும் கூடாது, தீட்டவும் சுலபமாக இருக்க வேண்டும். நாலும் சேர்ந்து ஒரே கத்தியில் முழுசாகக் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

கெட்டித்தன்மையை அளக்க ராக்வெல் என்று ஒரு அளவு உண்டு. வைரக் கூம்பை அலகில் அழுத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். மடக்குக் கத்திகள் பொதுவாக 54-லிருந்து 62 வரை. விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியின் பெரிய அலகு 56, அதே கத்தியின் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் 49. அலகு கெட்டியாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் வளைந்து கொடுக்க வேண்டும், அதனால்தான் இந்த வித்தியாசம். நம்பர் கூடினால் நல்ல கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். 62-ல் இருக்கிற அலகை வைத்து டப்பா மூடியை நெம்பினால், முனை போயே போச்சு.

கரிசல் மார்க் ஷீட்

இப்போது அந்த நம்பர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

420ஜே2: மலிவான கத்திகளில் வருவது. துரு ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது. கார்பன் குறைவு, சீக்கிரம் மழுங்கும். வெறுமனே "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று மட்டும் அச்சடித்து, ஸ்டீல் பெயர் எதுவும் போடாத கத்திகளில் இது அல்லது இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

8சிஆர்13எம்ஓவி: சீன ஸ்டீல். சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். விலைக்கு ரொம்ப நியாயம். சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம்.

12சி27, 14சி28என்: ரெண்டும் ஸ்வீடன்காரர்கள். கார்பன் 0.6-ஐ ஒட்டி, குரோமியம் 13.5, 14. ரெண்டாவதில் கொஞ்சம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் துரு எதிர்ப்பு இன்னும் கூடுதல். உள்ளே இருக்கும் துகள்கள் நுண்ணியவை, அதனால் மெல்லிய கூர் ஏறும், சுலபமாகத் திரும்பவும் ஏறும்.

டி2: முதலில் அச்சு வெட்டும் தொழிற்சாலைக் கருவிகளுக்காக வந்த ஸ்டீல். 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கெட்டித் துகளாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. அதனால் இது அரை ஸ்டெயின்லெஸ். கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் மழுங்கிவிட்டால்... சாதாரணக் கல்லில் கை வலிக்கும், வைரப் பொடி பூசிய பலகை இருந்தால்தான் நிம்மதி.

விஜி-10, எஸ்30வி: நல்ல ஸ்டீல்கள்தான், விலையும் நல்ல விலைதான். குறிப்பாக எஸ்30வி-யில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லைவிடக் கெட்டி. கல்தான் தேயும்!

கார்பன் ஸ்டீல்: பிரான்ஸின் ஓப்பினெல் கத்தியில் வரும் எக்ஸ்சி90 மாதிரி. 0.9 சதவீதம் கார்பன், குரோமியம் கிடையாது. தீட்டுவது வெண்ணெய் மாதிரி. ஆனால் துடைக்காமல் விட்டால் துரு. எலுமிச்சை, புளி, வெங்காயம் பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, அதுவே அலகுக்கு ஒரு போர்வை மாதிரி. சிவப்புத் துருதான் அலகை அரிக்கும்.

ஊரின் வெயிலும் இங்கே மார்க் போடும். கரிசல் பூமி வறண்டது, இங்கே கார்பன் கத்தி ஓரளவு பிழைக்கும். அதே மாவட்டத்தில் தூத்துக்குடி உப்பளத்துக்குக் கொண்டு போனால் சீக்கிரமே சிவந்துவிடும். ஆனால் கரிசலிலும் ஒரு உப்பளம் உண்டு, மறந்துவிட வேண்டாம்: சித்திரை வெயிலில் வியர்வையில் ஊறிய டவுசர் பை!

யார் தீட்டுவது?

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வரலாம்.

காட்டு வேலையில் கத்தியை மழுக்குவது கயிறு இல்லை, கயிற்றில் ஒட்டியிருக்கும் மண். மண்ணில் உள்ள மணல் துகள் ஸ்டீலைவிடக் கெட்டி. புழுதி படிந்த சணலை நாலு தடவை அறுத்தால் எவ்வளவு விலையுள்ள கத்தியும் மழுங்கத்தான் செய்யும். ஆக, "மழுங்காத கத்தி" என்று தேடுவது வீண். "மழுங்கினால் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் தீட்டக்கூடிய கத்தி" என்று தேட வேண்டும்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமே? அரிவாள்மனைக்கு, பெரிய கத்திக்குச் சரி. மெல்லிய மடக்குக் கத்திக்கு ஆபத்து. சுழலும் கல்லில் பொறி பறக்கப் பிடிக்கும்போது விளிம்பு நொடியில் சூடாகிவிடும். நிறைய கத்தி ஸ்டீல்களுக்கு ரெண்டாவது சூடு 150-லிருந்து 200 டிகிரி செல்சியஸ்தான். விளிம்பு நீலம் பாய்ந்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் முறுக்கு போய்விட்டது. கூர் வந்த மாதிரி தெரியும், ரெண்டு நாளில் போய்விடும். அந்த நீலப் பகுதி தேய்ந்து தீரும் வரை கத்தி அப்படித்தான். இதில் சாணைக்காரர் மேல் தப்பு இல்லை, அவர் கல் பெரிய அலகுக்கான கல்.

அதனால் கத்தியோடு சேர்த்து ஒரு சின்னக் கல்லும் வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைசு. தண்ணீர் தெளித்து, அலகை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, ரெண்டு பக்கமும் சமமாக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் 14சி28என், 12சி27, 8சிஆர்13எம்ஓவி மூன்றும் பாஸ். கார்பன் ஸ்டீல், துடைக்கிற பழக்கம் இருப்பவருக்குப் பாஸ். டி2, வைரப் பலகை வாங்கத் தயாராக இருப்பவருக்கு. மற்றவை டவுனில் பார்சல் பிரிக்கிறவர்களுக்கு.

விரல் யாருடையது?

ஸ்டீலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இது. திறந்த அலகு வேலை நடுவில் மடங்கினால், அது மடங்குவது பிடித்திருக்கும் விரல்கள் மேல்.

சாதாரணப் பேனாக்கத்தியில் லாக் கிடையாது, பின்னால் ஒரு ஸ்பிரிங் மட்டும் அழுத்திப் பிடித்திருக்கும். பழம் நறுக்கப் போதும். ஆனால் இறுகிய நைலான் கயிற்றில் நுனியைச் செருகி நெம்பும்போது அலகின் முதுகில் அழுத்தம் விழும், பட்டென்று மூடிக்கொள்ளும். விரலின் உள்பக்கம் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது விரலை மடக்குகிற தசைநாண். அது அறுந்தால் வெளியே ஒரு சின்னக் காயம்தான் தெரியும், ஆனால் விரல் மடங்காது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் தானாகச் சேராது. சில நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து தைக்க வேண்டும், அப்புறம் வாரக்கணக்கில் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது. பருத்தி எடுக்கிற, களை பறிக்கிற, ஆடு பிடிக்கிற கைக்கு ஒரு விரல் என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு வேலை. உதாரணத்துக்கு, 150 ரூபாய்க் கத்தி ஒரு வருஷம் தாங்கும், 1500 ரூபாய்க் கத்தி பத்து வருஷம் தாங்கும் என்று வையுங்கள். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் ரெண்டும் ஒன்றுதான், வருஷத்துக்கு 150. (ஒவ்வொரு தீட்டலிலும் இரும்பு குறைவதால், குறைந்து செல் மதிப்பு முறைதான் கத்திக்குப் பொருத்தம் என்று யாராவது சண்டைக்கு வரலாம்!) ஆனால் லாக் இல்லாத கத்தியின் கணக்கில் எந்தப் பேரேட்டிலும் வராத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அது ஒரு தடவைதான் வரும். வந்தால் பத்து வருஷ மிச்சத்தையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போகும்.

ஆகவே லாக் கட்டாயம். அதிலும் கரிசலுக்கு எளிமையான லாக். மழை பெய்தால் இந்த மண் களிம்பாக ஒட்டும், காய்ந்தால் புழுதியாகப் பறக்கும். ரெண்டும் கத்தியின் மூட்டுக்குள் போகும். பிடிக்குள் நாலைந்து தகடு அடுக்கிய கத்தியைச் சுத்தம் செய்வது பெரிய பாடு. ஒளி ஊடுருவிப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் திறந்திருக்கும் கத்தியைத் தண்ணீரில் அலசி, உதறி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது. ஓப்பினெலில் 1955-லிருந்து இருக்கிற வளைய லாக்கும் எளிமைதான், திருகினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதன் மரப்பிடி ஈரம் குடித்து உப்பிவிட்டால் அலகைத் திறப்பதற்கே ஒரு மல்யுத்தம் போட வேண்டும். ஐப்பசியில் விதைப்புக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கொஞ்சம் சீரியஸாக

இது தெற்குச் சீமை. இங்கே கத்தி, அரிவாள் என்றாலே வேறு ஒரு அர்த்தமும் கூடவே வந்து நிற்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீட்டுக்கே போய் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியதும் பள்ளி மாணவர்கள்தான், காரணம் சாதி. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இந்த நிலத்தில் ஒரு இளைஞனின் பையில் கத்தி இருந்தால், அது வெள்ளரிக்காய்க்கா வேறெதற்கா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அவன் எந்தத் தெருப் பையன் என்பதைப் பொறுத்து சந்தேகத்தின் அளவும் மாறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த, யாரும் சத்தமாகச் சொல்லாத உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 ஆயுத விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும், வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காகச் செய்யப்பட்டவை தவிர. 3 அங்குல மடக்குக் கத்தி அந்த அளவின் பக்கத்தில்கூட வராது. ஆனால் நடுராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஸ்கேல் வைத்து அளந்து காட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கறுப்புப் பெயிண்ட் அடித்த, பார்த்தாலே பயம் காட்டுகிற, பட்டனைத் தட்டினால் பாய்கிற ரகங்கள் வேண்டவே வேண்டாம். மரப்பிடியோ சாதாரணப் பிளாஸ்டிக் பிடியோ, 3 அங்குலத்துக்குள் அலகு, ரெண்டு கையால் திறப்பது. காட்டுக்குப் போகும்போது பையில், காலேஜுக்கும் திருவிழாவுக்கும் போகும்போது வீட்டில். விமானத்தில் போனால் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டும்.

அந்த மகன் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால் பதில் இதுதான்: 14சி28என் அல்லது 12சி27 அலகு, கிடைக்காவிட்டால் 8சிஆர்13எம்ஓவி, 3 அங்குலத்துக்குள், திடமான லாக், அலசிச் சுத்தம் செய்யக்கூடிய பிடி, கண்ணை உறுத்தாத நிறம். கூடவே ஒரு சாணைக்கல். கத்தியைப் பார்சலில் அனுப்பாமல், பொங்கலுக்கு நேரில் கொண்டு போவது உத்தமம். கல்லில் எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பதை மகன் சொல்லிக் கொடுக்கலாம். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அப்பாவின் கைதான் சொல்லிக் கொடுக்கும்.